"ஈவினா அப்படித்தான் சார்": எலக்ட்ரிக் எஸ்யூவி டயர் தேய்மானம் பற்றி ஒரு நீண்ட இழை

"டாக்டர், எலக்ட்ரிக் எஸ்யூவி வாங்கி ரெண்டு வருஷம் கூட முழுசா ஆகல. அதுக்குள்ள முன் டயர் ரெண்டும் மொட்டை. ஈவி வாங்கினதே தப்போ?"

சர்க்கரை, பிபி, தடுப்பூசி பத்தி எழுதுற இடத்துல இப்படி ஒரு கேள்வி. ஒருத்தர் ரெண்டு பேர் கேட்டா தனியா பதில் சொல்லிட்டுப் போயிருப்பேன். நான் ஈவி ஓட்டுறேன்னு எழுதினதுல இருந்து இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது. அதனால இந்த இழை.

டாக்டருக்கு டயர்ல என்ன வேலைனு கேட்கிறவங்களுக்கு: மழைக்காலத்துல கேஷுவால்டியில நைட் டியூட்டி பார்த்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க. "பிரேக் அடிச்சேன் சார், வண்டி நிக்கல" என்பது நாங்க அடிக்கடி கேட்கிற வாக்கியம். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துறது ரோட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கிற ரப்பர். ஒரு டயருக்கு உள்ளங்கை அகலம்தான் அந்தத் தொடு பரப்பு. நாலு உள்ளங்கை மேல நம்ம குடும்பமே உட்கார்ந்து போகுது.

இப்ப கேள்விக்கு வருவோம். ஈவியில டயர் சீக்கிரம் தேயுமா? தேயும். ஆனா அது பாதி பதில்தான்.

முதல் காரணம் எடை. பேட்டரியால, அதே அளவு பெட்ரோல் காரை விட இருநூறு முந்நூறு கிலோ கூடுதலா இருக்கும். ரெண்டு மூணு பெரியவங்களை எந்நேரமும் வண்டியில ஏத்திக்கிட்டே சுத்துற கணக்கு. ரெண்டாவது டார்க். பெட்ரோல் எஞ்சின் உறுமி வேகம் பிடிச்ச பிறகுதான் முழு இழுவையைத் தரும். மோட்டார் நின்ன இடத்துல இருந்தே தந்துடும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டிக்காரருக்கு நாம யாருன்னு காட்டுற சந்தோஷம் இருக்கே, அதுக்கான பில் டயர் கடையில வரும்.

மூணாவதைப் பல பேர் யோசிக்கிறதில்ல. ரீஜென். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துதே, அது. சாதாரண பிரேக் நாலு சக்கரத்துலயும் பிடிக்கும். ரீஜென் மோட்டார் இணைஞ்ச சக்கரத்துல மட்டும்தான் பிடிக்கும். நம்ம ஊர்ல விக்கிற பல எலக்ட்ரிக் எஸ்யூவிகள்ல மோட்டார் முன்னாடி. ஆக, கிளம்பும்போதும் முன் டயர்தான் ரோட்டைப் பிறாண்டுது, வேகம் குறைக்கும்போதும் பெரும்பாலும் அதேதான். "பிரேக் பேட் மாத்தவே வேணாம் சார்"னு ஷோரூம்ல பெருமையா சொல்வாங்க. உண்மைதான். அந்த வேலையில ஒரு பங்கை முன் டயர் தலையில கட்டியாச்சுன்னு யாரும் சொல்றதில்ல.

இவ்வளவும் சரி. ஆனா இந்த மூணு காரணமும் டயரை சமமா தேய்க்கும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி குறைஞ்சு, எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் தீரும். உள் விளிம்பு மட்டும் வழவழன்னு ஆகி வெளி விளிம்புல இன்னும் நாலு மி.மீ பள்ளம் இருந்தா, அதுக்கு ஈவி பொறுப்பில்ல. அது வேற நோய்.

என் வண்டியில நடந்ததைச் சொல்றேன். 18,000 கி.மீ-ல ரொட்டேஷனுக்கு விட்டபோது முன் இடது டயரோட உள்பக்கம் கையால தடவிப் பார்த்தேன். ரம்பம் மாதிரி ஒரு பக்கமா சீவின உணர்வு. சர்வீஸ் அட்வைசர் தம்பிகிட்ட காட்டினேன். பார்க்கக்கூட இல்ல. "ஈவினா அப்படித்தான் சார், வெயிட் ஜாஸ்தி."

மூட்டு வலின்னு வர்ற பாட்டிகிட்ட "வயசானா அப்படித்தான்மா"ன்னு சொல்லி அனுப்புற டாக்டர் மாதிரி. வயசு காரணமா இருக்கலாம். ஒரே ஒரு முட்டி மட்டும் வீங்கிச் சிவந்திருந்தா பரிசோதிக்காம அதைச் சொல்லலாமா?

அலைன்மென்ட் போட்டு அந்த ரிப்போர்ட் பிரின்ட் வேணும்னு உட்கார்ந்துட்டேன். முன் சக்கரம் ரெண்டும் வெளிப்பக்கமா விலகி நின்னது. டோ அவுட்னு சொல்வாங்க. உள் விளிம்பைத் தின்றதுக்கு அதுவே போதும். ஒரு நல்ல பள்ளம், வண்ணம் பூசாத ஒரு வேகத்தடை, அவ்வளவுதான் வேணும் இது வர்றதுக்கு. சரி பண்ணின பிறகு அந்த டயர் சமமா தேய ஆரம்பிச்சது.

அதனால என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். காரணம் தெரியாம புது டயர் மாட்டாதீங்க. நோய் வண்டியில இருக்கும்போது டயரை மாத்தினா, அடுத்த இருபதாயிரம் கி.மீ-ல புது டயரும் அதே மாதிரி போகும். ரெண்டு தோளும் தேஞ்சு நடு நல்லா இருக்கா? காத்து கம்மியா ஓடியிருக்கு. நடு மட்டும் தேஞ்சிருக்கா? காத்து ஜாஸ்தி. ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட். அங்கங்க குழி குழியா இருந்தா சஸ்பென்ஷனைப் பார்க்கச் சொல்லுங்க. சமமா தேஞ்சிருந்தா மட்டும் எடையையும் உங்க வலது காலையும் குறை சொல்லலாம்.

காத்து விஷயம் தனியா சொல்லணும். பங்க்ல தம்பி "முப்பதா, முப்பத்திரண்டா சார்?"னு கேட்பார். ரெண்டுமே தப்பா இருக்கலாம். டிரைவர் கதவைத் திறந்தா அந்தத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கு. ஈவிக்குப் பெரும்பாலும் நாம பழகின எண்ணை விடக் கூடுதலா இருக்கும். காலையில வண்டி எடுக்கும் முன்னாடி, டயர் சூடாகாதப்ப பார்க்கிற அளவுதான் கணக்கு. சித்திரை வெயில்ல நாற்பது கி.மீ ஓட்டிட்டுப் போய்ப் பார்த்தா ரீடிங் கூட வரும், அதை நம்பிக் காத்தை இறக்கிவிட்டா மறுநாள் காலையில கம்மியா நிக்கும்.

சரி, டயர் முடிஞ்சே போச்சு, மாத்தித்தான் ஆகணும். எப்ப மாத்துறது?

நம்ம நாட்டுச் சட்டப்படி கார் டயர்ல குறைஞ்சது 1.6 மி.மீ பள்ளம் இருக்கணும். பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், ரப்பர் அதுக்குச் சமமா வந்தாச்சுன்னா கதை முடிஞ்சது. புது டயர்ல ஏழெட்டு மி.மீ இருக்கும். இதுல டயர் கம்பெனிகளுக்குள்ளேயே சண்டை உண்டு. 3 மி.மீ-லயே மாத்துங்கன்னு கான்டினென்டல் சொல்லும். 1.6 வரைக்கும் ஓட்டலாம், முன்னாடியே தூக்கிப் போடுறது வீண்னு மிஷ்லின் சொல்லும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

நான் காலண்டர் பார்த்து முடிவு பண்றேன். பிப்ரவரியில 3 மி.மீ இருந்தா ஓட்டுவேன். செப்டம்பர்ல 3 மி.மீ இருந்தா மாத்திடுவேன். வடகிழக்குப் பருவமழையில ஜிஎஸ்டி ரோட்டுல தேங்கி நிக்கிற தண்ணியை ஒதுக்கித் தள்ள அந்தப் பள்ளம்தான் வழி. பள்ளம் இல்லன்னா டயர் தண்ணி மேல மிதக்கும். மிதக்கிற நேரத்துல ஸ்டியரிங், பிரேக், ஏபிஎஸ் எதுவும் நம்ம பேச்சைக் கேட்காது. கூடவே முந்நூறு கிலோ கூடுதல் எடையும் சேர்ந்து முன்னாடி போகும்னு நினைவுல வைங்க.

எந்த டயர் வாங்குறது? இங்கதான் எனக்கு நிறைய பேரோட கருத்து வேறுபாடு.

கடையில எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை கி.மீ வரும்?" ஈவிக்காரங்க கேட்கிற ரெண்டாவது கேள்வி "ரேஞ்ச் குறையுமா?" ஈர ரோட்டுல எப்படி நிக்கும்னு கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கல. டயர் செய்றவங்களுக்கு இது மூணும் ஒண்ணையொண்ணு இழுக்கிற கயிறு. உருளும் தடை குறைஞ்சா ரேஞ்ச் கூடும். ஆயுளும் கூட்டணும்னா பிடிப்புல கை வைக்கிற ஆபத்து வரும். நல்ல கலவையில மூணையும் ஓரளவு சேர்த்துக் கொண்டுவர முடியும், அதுக்குத்தான் கூடுதல் விலை. மலிவு டயர்ல ஏதாவது ஒண்ணைப் பலி கொடுத்திருப்பாங்க, பெரும்பாலும் அது கடையில கண்ணுக்குத் தெரியாத ஈரப் பிடிப்பாத்தான் இருக்கும்.

2022-ல மத்திய அரசு உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூணுக்கும் ஏஐஎஸ்-142 தரத்தைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட்டுச்சு. நல்ல விஷயம். ஆனா அது பாஸ் மார்க் மாதிரி. முப்பத்தஞ்சு எடுத்தவனும் தொண்ணூறு எடுத்தவனும் பாஸ்தான். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற மாதிரி டயருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் வந்திருக்கு, அது எரிசக்தி மிச்சத்துக்கானது. அஞ்சு நட்சத்திரம்னா மழையில நல்லா நிக்கும்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. ஐரோப்பாவுல ஒவ்வொரு டயர்லயும் ஈரப் பிடிப்புக்குத் தனியா ஏ-ல இருந்து ஈ வரைக்கும் கிரேடு ஒட்டியிருக்கணும். நம்ம ஊர்ல திருவொற்றியூர், ஒரகடம், தேர்வாய் கண்டிகைனு டயர் செஞ்சு குவிக்கிறோம். வாங்குற நமக்கு அப்படி ஒரு ஸ்டிக்கர் ஏன் இல்லைனு கேட்க வேண்டியது நாமதான்.

நான் பார்க்கிற வரிசை இது. முதல்ல லோடு இண்டெக்ஸ். டயர் பக்கவாட்டுல 215/60 ஆர்17 96ஹெச்-னு இருந்தா, அந்த 96 என்பது அந்த ஒரு டயர் 710 கிலோ தாங்கும்னு அர்த்தம். அதே சைஸ்ல 100 எக்ஸ்எல்னும் வரும், அது 800 கிலோ. "அதே சைஸ்தான் சார்"னு கடைக்காரர் எடுத்துக் கொடுத்தா, சைஸோட இந்த எண்ணையும் பாருங்க. கம்பெனி கொடுத்ததை விடக் குறைவா இருந்தா எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் ஈரப் பிடிப்பு. அப்புறம்தான் ரேஞ்ச். கடைசியில கி.மீ.

"ஈவி டயர்"னு பேர் போட்டே இப்ப வருது. அப்போலோவுல ஆம்பீரியன், சியட்ல எனர்ஜிடிரைவ். அந்தப் பேர் இருந்தாத்தான் மாட்டணும்னு விதி எதுவும் கிடையாது. சரியான லோடு இண்டெக்ஸும் நல்ல ஈரப் பிடிப்பும் இருக்கிற சாதாரண டயரும் தாராளமா மாட்டலாம். பேரை வச்சு முடிவு பண்ண வேணாம்.

புது டயர் மாட்டின மறுநாள் "ரேஞ்ச் குறைஞ்சிடுச்சு டாக்டர்"னு மெசேஜ் வரும். பதறாதீங்க. புது ரப்பர் கனமானது, உருளும் தடையும் தேஞ்ச டயரை விட அதிகம். அதோட இன்னொரு வேடிக்கை. டயர் அஞ்சு மி.மீ தேஞ்சா அதோட சுற்றளவு ஒண்ணரை சதவீதம் அளவுக்குக் குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமா சுத்தும். மீட்டர் 300 கி.மீ காட்டினா நீங்க உண்மையில போனது 295, 296. புது டயர்ல மீட்டர் அந்தப் பொய்யைச் சொல்றதில்ல, அவ்வளவுதான். மிச்சம் கொஞ்சம் நிஜமாவே குறைஞ்சா குறையட்டும். பத்து கி.மீ ரேஞ்சுக்காக மழையில பத்தடி தள்ளிப் போய் நிக்கிற வியாபாரம் எனக்குக் கட்டுப்படியாகாது.

செலவுன்னு புலம்புறவங்களுக்கு ஒரு கணக்கு. பெட்ரோல் நூறு ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ-னு வைங்க, கி.மீ-க்கு ஆறே முக்கால் ரூபாய் வருது. ஈவி யூனிட்டுக்கு ஏழு கி.மீ, வீட்டு கரன்ட் யூனிட் பத்து ரூபாய்னு வச்சாலும் ஒண்ணரை ரூபாய்க்குள்ள. 25,000 கி.மீ ஓட்டினா ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல மிச்சம். அதுல டயருக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் கூடப் போட்டு நல்லதா மாட்டினா என்ன குறைஞ்சிடப் போகுது?

கடையில மூணு விஷயத்துல கண் வைங்க. டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 2325-னா 2025-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. ரெண்டு வருஷம் குடோன்ல கிடந்ததை "ஆஃபர்"னு தள்ளிவிடப் பார்ப்பாங்க.

ரெண்டு டயர் மட்டும் மாத்துறீங்கன்னா புதுசு பின்னாடி போகணும். "முன்னாடிதானே சார் மோட்டார், புதுசு முன்னாடி போடலாம்"னு அண்ணன் அடிச்சுச் சொல்வார். முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், வேகத்தைக் குறைச்சு ஓரளவு சமாளிக்கலாம். ஈரத்துல பின் டயர் வழுக்கினா வண்டியே சுத்திடும், சாதாரண ஓட்டுநரால அதைப் பிடிக்க முடியாது. டயர் கம்பெனிகளே சொல்ற பரிந்துரை இதுதான். பிறகு ரொட்டேஷன்ல முன்னாடி கொண்டு வந்துக்கலாம்.

ஜாக் வைக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. ஈவியில தரைக்கு மேல முழுக்க பேட்டரி. கம்பெனி குறிச்ச இடத்தை விட்டுட்டு நடுவுல டிராலி ஜாக் வச்சுத் தூக்கினா பேட்டரி உறை நசுங்கும். அதுக்கப்புறம் டயர் விலையெல்லாம் ஒரு விலையே இல்லைனு தோணும்.

மாட்டி முடிச்சதும் அலைன்மென்ட் போட்டு ரிப்போர்ட் பிரின்ட் வாங்கி வண்டியிலயே வைங்க, பத்தாயிரம் கி.மீ-க்கு ஒரு தடவை ரொட்டேஷன் பண்ணுங்க.

அப்புறம், கமென்ட்ல கண்டிப்பா வரப்போற கேள்வி: நைட்ரஜன் அடிக்கலாமா? அடிச்சா தப்பில்ல. நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடிச்சாச்சு, இனி செக் பண்ண வேணாம்னு நினைக்காம இருந்தா சரி.