பருப்பு யாருக்கு?

சென்ற தை மாதம் அக்காவின் வீட்டில் பேரப் பிள்ளைக்குக் காதுகுத்து. வெளியிலிருந்து சமையல்காரர் யாரும் இல்லை. அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்தே நாற்பது பேருக்குச் சமைத்தார்கள். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. எனக்கு வலப்புறம் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். இடப்புறம் அக்காவின் மகன். இருவருக்கும் வயது முப்பத்தைந்துக்குள்தான். இருவருக்கும் வயிறு சற்று முன்னால் வந்துவிட்டது. அதைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்ற நல்லெண்ணமும் இருவருக்கும் வந்திருக்கிறது. எந்த வழியாக அனுப்புவது என்பதில்தான் சண்டை.

அண்ணன் மகன் இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். வடை ஒன்று, அப்பளம் ஒன்று, சாதம் இரண்டு கரண்டி. “இன்னும் 310 கலோரிதான் பாக்கி இருக்கு, சித்தப்பா. பாயசமா, மோரான்னு யோசிக்கிறேன்” என்றான்.

அக்காவின் மகன் சிரித்தான். “கலோரியெல்லாம் பழங்கதை, மாமா. எண்ண வேண்டியது மேக்ரோ. புரதம் எத்தனை கிராம், கொழுப்பு எத்தனை கிராம், மாவுச்சத்து எத்தனை கிராம். இந்த மூணும் சரியா இருந்தா கலோரியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்” என்றவன், சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: “அம்மா, இன்னும் ரெண்டு கரண்டி பருப்பு!”

மோர் சாதம் வரும்வரை இந்த வழக்கு நடந்தது. கடைசியில் இருவரும் என்னையே தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். கதை எழுதுகிறவனுக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பது உலகத்தின் நம்பிக்கை. அன்று நான் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் பிற்பகலில் அடுப்பங்கரையில் கண்ட ஒரு காட்சி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வழக்கைப் பார்ப்போம்.

கலோரிக் கட்சியின் வாதம் எளிமையானது. உடம்பு ஓர் அடுப்பு, சோறு விறகு. எரிவதற்கு மேல் போட்டால் மிச்சம் கொழுப்பாகத் தங்கும். குறைத்துப் போட்டால் தங்கியது எரியும். அமெரிக்காவில் வில்பர் ஆட்வாட்டர் என்ற விஞ்ஞானி 1890-களில் இதற்கென்றே ஓர் அறை கட்டினார். அதற்குள் மனிதனை நாட்கணக்கில் இருக்க வைத்து, அவன் தின்றதையும், அவன் உடம்பு வெளியிட்ட வெப்பத்தையும் அளந்து பார்த்தார். இயற்கையின் வரவு செலவுக் கணக்குக்கு மனிதன் விலக்கல்ல என்பது அங்கே தெளிவாயிற்று. 1918-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டாக்டர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அம்மையார் இந்தக் கணக்கைப் புத்தகமாக எழுதிச் சாதாரண ஜனங்களின் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாமல் இத்தனை கலோரி ரொட்டி என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். புத்தகம் அமோகமாக விற்றது. அண்ணன் மகன் இன்று கைப்பேசியில் தட்டுவது அந்த அம்மையார் தொடங்கி வைத்த பழக்கத்தைத்தான்.

இந்த வாதத்தின் அடிப்படையை நான் மறுக்கவில்லை. வரவைவிடச் செலவு அதிகமாகாமல் கொழுப்பு கரைந்தது என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்ரோக் கட்சி தன்னைப் புதுமைக் கட்சி என்று நினைத்துக்கொள்கிறது. அதுவும் சரியல்ல. சவ அடக்க ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்த வில்லியம் பான்டிங் என்ற லண்டன்வாசி, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டுத் தன் பருமனைக் குறைத்துக்கொண்ட கதையை 1863-லேயே அச்சிட்டு வெளியிட்டார். கலோரியை எண்ணும் பழக்கத்துக்கும் முந்திய சங்கதி இது.

இனி, கலோரியைத் திரும்பிக்கூடப் பார்க்காத என் மருமானின் கணக்கைப் பார்ப்போம். அவன் ஒரு நாளைக்குப் புரதம் 120 கிராம், கொழுப்பு 60 கிராம், மாவுச்சத்து 180 கிராம் என்று விதித்துக்கொண்டிருக்கிறான். புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. இந்த 4, 9, 4 என்ற எண்களும் அதே ஆட்வாட்டர் கொடுத்தவைதாம். பெருக்கிக் கூட்டினால் 480, 540, 720; மொத்தம் 1,740 கலோரி. மூன்றையும் கட்டிப்போட்டவன் கூட்டுத்தொகையையும் கட்டிப்போட்டுவிட்டான். முன்வாசலில் விரட்டிய விருந்தாளியைக் கொல்லைப்புறமாக அழைத்து இலை போட்டிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

இரு கட்சிகளையும் நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்தும் இருக்கிறார்கள். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 811 பேரை நான்கு பிரிவாக்கி, கொழுப்பும் புரதமும் மாவுச்சத்தும் வெவ்வேறு விகிதத்தில் உள்ள நான்கு உணவு முறைகளை இரண்டு வருஷம் பின்பற்றச் சொன்னார்கள். எந்த விகிதத்துக்கும் தனி வெற்றி கிடைக்கவில்லை. 2018-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ இறங்கினார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. வித்தியாசம் என்று பெருமையடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 609 பேரையும் கலோரியை எண்ணும்படி யாரும் சொல்லவில்லை. காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தள்ளுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

கணக்கு எழுதுவதை நம்பி மோசம் போனவர்களும் உண்டு. என்ன செய்தும் இளைக்கவில்லை என்று வருந்திய சிலரை நியூயார்க்கில் சோதித்து, முடிவை 1992-ல் வெளியிட்டார்கள். அவர்கள் உண்மையில் தின்றதில் 47 சதவிகிதம் எழுத்தில் ஏறவே இல்லை! அவர்கள் பொய்யர்கள் அல்ல. மனிதனுக்குத் தன் வாய்க்குள் போவது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. நம் வீட்டிலேயே பாருங்கள். பொரியலுக்கு எண்ணெயை யார் அளந்து ஊற்றுகிறார்கள்? கை சற்றுச் சாய்ந்தால் 15 கிராம், 135 கலோரி. அண்ணன் மகன் அப்பளத்தைக் குறித்தான். அது குடித்த எண்ணெயைக் குறிக்கவில்லை.

2019-ல் வெளியான இன்னொரு சோதனை இரு கட்சிக்கும் சேர்த்தே அடி கொடுத்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சி மருத்துவமனையில் 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் செய்து பொட்டலமாக வரும் பண்டங்களும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் போட்டார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரியும் சமம், மூன்று சத்துகளும் சமம், சர்க்கரையும் நாரும்கூடச் சமம். வேண்டியதைச் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பொட்டலப் பண்டம் தின்ற நாட்களில் அவர்கள் தினம் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகத் தின்றார்கள். இரண்டு அட்டவணைகளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அப்படியானால் மேக்ரோக் கட்சியில் உண்மையே இல்லையா? உண்டு. எடை எவ்வளவு இறங்கும் என்பதைக் கலோரி தீர்மானிக்கிறது. ஆனால் அப்படி இறங்கும்போது பசி எவ்வளவு வாட்டும், போவது கொழுப்பு மட்டுமா, தசையுமா என்பதில் புரதத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. புரதம் பசியைத் தாங்கும். உடற்பயிற்சியோடு சேர்ந்தால் தசையைக் காக்கும். எடைக் கருவிக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். தரையிலிருந்து எழுந்திருக்கிற மனிதனுக்கு அப்படியல்ல.

இப்போது அந்த அடுப்பங்கரைக்கு வருகிறேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அக்காவும் அந்த இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் சாதம், ரசம், உடைந்த அப்பளத் துண்டுகள். பருப்புச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“பருப்பு இல்லையா அக்கா?”

“தீர்ந்து போச்சுடா. அதனாலென்ன? வந்தவங்க வயிறு நிறைஞ்சா சரி.”

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. சர்க்கரை வியாதி உண்டு. முழங்காலில் வலி உண்டு. எடை 74 கிலோ இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர், அச்சடித்த சீட்டு ஒன்றில் 1,200 கலோரி என்று எழுதி, எடையைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். சொன்னதைக் கேட்கிறவள் அக்கா. ஆனால் தன் சாப்பாட்டில் எதைக் குறைக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது? பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் பண்ணுவதைக் குறைக்க முடியாது. காலை இட்லியை விட்டாள். மாலைச் சுண்டலை விட்டாள். இரவுப் பாலை விட்டாள். மிஞ்சியது கடைசிப் பந்தியில் மிஞ்சுகிற சாதமும் ரசமும். ஆறு மாதத்தில் 7 கிலோ இறங்கியது. எல்லாரும் மெச்சினோம், நானும் மெச்சினேன். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தாள். மறு வருஷம் 5 கிலோ திரும்பி வந்தது. சுவரைப் பிடிக்கும் கை மட்டும் விலகவில்லை.

அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 225 கிராம் அரிசி. ஏறக்குறைய 800 கலோரி, 18 கிராம் புரதம். மீதி எண்ணெய், காப்பி, கொஞ்சம் காய், கொஞ்சம் மோர். எல்லாம் கூட்டினாலும் புரதம் 25 கிராமைத் தாண்டாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே நாளொன்றுக்கு 46 கிராம் அளவுக்கு வேண்டும் என்கிறது ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கலோரிப் பரீட்சையில் அக்கா நூற்றுக்கு நூறு வாங்கினாள். உடம்பு வைத்த பரீட்சையில் பாதிதான் தேறினாள்.

இது என் அக்கா ஒருத்தியின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தும் 12 சதவிகிதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்று கண்டிருக்கிறது. அது சராசரி. கடைசியில் சாப்பிடுகிறவளின் தட்டு சராசரிக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தால் போதும்.

அட்டவணைக்கும் நமக்குக் குறைவில்லை. குன்னூரில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஐக்ராய்டு 1937-லேயே நம் நாட்டு உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அந்தக் கூடம்தான் 1958-ல் ஹைதராபாதுக்குப் போயிற்று. 2017-ல் அங்கிருந்து புதுப் பட்டியலும் வந்தாயிற்று. துவரம்பருப்பில் என்ன இருக்கிறது என்று எண்பது வருஷத்துக்கு மேலாக நமக்குத் தெரியும். அது யார் தட்டில் விழுகிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சீட்டில் 1,200 என்று எழுத அரை நிமிஷம் ஆகிறது. “உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அப்போது சட்டியில் என்ன இருக்கும்?” என்று கேட்க இன்னோர் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்தவர்களைத்தான் நான் குற்றம் சொல்கிறேன்.

ஆகவே, தீர்ப்புக் கேட்ட இருவருக்கும் சொல்கிறேன்.

அண்ணன் மகனே, உன் கணக்கு பொய்யல்ல. ஆனால் அரைக் கணக்கு. இரண்டு வாரம் எழுது. எது எத்தனை என்று கண்ணுக்குப் பழகட்டும். பிறகு கைப்பேசியை மூடிவிட்டு, ஒரு கரண்டி சாதத்தைக் குறை, பொட்டலத்தைப் பிரிக்காதே.

மருமானே, நீ சொல்வது பெரும்பாலும் சரி. இந்த நாட்டில் ஒரே ஒரு கணக்குத்தான் வைக்க முடியும் என்றால் நான் புரதக் கணக்கையே வைக்கச் சொல்வேன். நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம்; ஒரு முட்டையில் 6 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பருப்பைக் கூட்டுகிற அளவுக்குச் சாதத்தைக் குறைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஆட்வாட்டரின் கணக்கு யாரையும் மன்னிக்காது. இதெல்லாம் உனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு இரண்டு கரண்டி பருப்பை உன் கணக்கில் வரவு வைத்தாயே, அது யார் கணக்கில் பற்று என்று எழுதினாயா?

புரதத்தை ஆளுக்கு ஆள் எண்ணாதீர்கள், சட்டிக்கு எண்ணுங்கள். எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அத்தனை பங்குக்குப் பருப்பு போடுங்கள். பந்தி தொடங்குமுன் சமைத்தவளின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். பத்து கிலோ இறக்க வேண்டும் என்று சபதம் செய்கிற எந்த ஆண்மகனும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அதற்குக் கைப்பேசி வேண்டாம், தராசு வேண்டாம். எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.