நூறு கனவுகளும் ஒரு பிடி அரிசியும்

கல்வியாண்டு தொடங்கியதும் நம் கல்லூரிகளில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று அதற்குப் பெயர். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத்தாள் தரப்படும். வாழ்வில் அடைய வேண்டிய நூறு இலக்குகளை அதில் எழுத வேண்டும். எழுதியவர் அடைவார், எழுதாதவர் பிறரிடம் கைகட்டி நிற்பார் என்று பயிற்றுநர் முழங்குவார். விருதுநகர் மாவட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது கல்வியன்று, ஏழைப் பிள்ளைகளின் கையாலேயே அவர்கள்மீது எழுதி வாங்கும் குற்றப்பத்திரிகை.

அத்தகைய அமர்வொன்றில் ஒரு மாணவியின் தாளில் மூன்றே வரிகள் இருந்தன. வீட்டுக்கடன் அடைய வேண்டும். தம்பி படிக்க வேண்டும். அம்மா பட்டாசு ஆலைக்குப் போவதை நிறுத்த வேண்டும். "உனக்கென்று ஒன்றுமே இல்லையா?" என்று பயிற்றுநர் கேட்டார். அரங்கு சிரித்தது. அம்மூன்றில் எது அவள் கையில் இருக்கிறது? கடன் கொடுத்தவர், கல்விக்கூடம், ஆலை முதலாளி, அரசு ஆகியோர் செய்ய வேண்டியவற்றை அவளுடைய மன உறுதியின் கணக்கில் எழுதிவிடுவதே இப்பயிற்சியின் சாமர்த்தியம். நாளை அவை நிறைவேறாவிட்டால் குற்றவாளி அவள்தான். அவள் போதிய அளவு கனவு காணவில்லை.

இவர்கள் காட்டும் சான்றின் இலட்சணத்தையும் பார்ப்போம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பட்டம் பெற்றவர்களுள் 3 விழுக்காட்டினரே இலக்குகளை எழுதி வைத்திருந்தனராம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களது செல்வம், எஞ்சிய 97 விழுக்காட்டினரின் மொத்தச் செல்வத்தையும் விஞ்சியதாம். இக்கதை ஒலிக்காத மேடையில்லை. ஆனால் அப்படியோர் ஆய்வே நடக்கவில்லை. 1996-இல் ஓர் அமெரிக்க வணிக இதழ் இதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, கதையைச் சொல்லிவந்தவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்களேயன்றி ஆய்வைக் காட்ட எவராலும் இயலவில்லை. இலக்குகளை உண்மையிலேயே ஆராய்ந்த லாக், லாதம் என்னும் உளவியலாளர்கள், தெளிவான இலக்கு செயல்திறனைக் கூட்டும் என்றே கண்டனர். ஆனால் அதற்கான திறனும் வசதியும் வாய்த்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மேடைகளில் இப்பின்பாதி விழுங்கப்பட்டுவிடுகிறது.

எங்கள் மண்ணின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. விருதுநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியால் வளர்ந்தது. ஒரு சமூகத்தின் உறவின்முறை செய்த அந்த ஏற்பாட்டில் படித்தவர்தான் காமராசர். தந்தையை இழந்து படிப்பைப் பாதியில் விட்ட அவர் முதலமைச்சரானபோது பிள்ளைகளைக் கனவு காணச் சொல்லிவிட்டு வாளாவிருக்கவில்லை. ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஓர் ஊரின் பிடி அரிசி மாநிலம் முழுமைக்குமான உலையாயிற்று.

சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் உழைத்ததை எதிர்த்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கமர்த்திய முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்ய வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்கு வர அதன் கனவு மட்டும் போதாது, குடும்பத்தின் கூலிக்கு மாற்று வேண்டும் என்று நீதிமன்றம் அறிந்திருந்தது. நம் பயிற்றுநர்கள் அறியவில்லை.

"கனவு காண்பது குற்றமா? அப்துல் கலாம் கனவு காணச் சொன்னாரே?" என்று நண்பர்கள் கேட்கலாம். சொன்னார். சென்னையில் பொறியியல் படிப்பில் சேரப் பணமின்றி நின்றபோது தம் தமக்கை ஜொஹரா தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து உதவியதையும் அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கனவை மேற்கோள் காட்டுவோர் வளையலை மறந்துவிடுகிறார்கள். அடகுவைக்க வளையல் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு உங்கள் விடை என்ன?

பட்டியல் போடுவதையே நான் எதிர்க்கவில்லை; அது யாரைக் கணக்குக் கேட்கிறது என்பதே என் கேள்வி. 2018-இல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்றொரு பட்டியலை வெளியிட்டது. அதில் விருதுநகரும் உண்டு. நலவாழ்வு, கல்வி, நீர்வளம் என 49 குறியீடுகளால் மாவட்டம் அளக்கப்பட்டது. அதில் மதிப்பெண் குறைந்தால் கேள்வி ஆட்சியருக்கு வந்தது. மாவட்டத்தின் விழைவுக்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டும். அதே மாவட்டத்து மாணவியின் விழைவுக்கு அவளே பதில் சொல்ல வேண்டும். இது என்ன நியாயம்?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் வெடித்தது. இங்கே மருந்து அடைப்பவர்களும் சரம் பின்னுபவர்களும் மாலையில் உயிரோடு வீடு திரும்புவதே எத்தனையோ பிள்ளைகளின் முதல் இலக்கு. உலகமெங்கும் இலக்குகளை எழுதி வைக்கும் நாட்குறிப்பேடுகளில் எத்தனையோ சிவகாசியில் அச்சாகிறவை. அவற்றை மடித்துத் தைக்கும் கைகளுக்குரியவர்களின் பிள்ளைகளிடம்தான் "உனக்குக் கனவில்லை" என்கிறோம்.

அம்மாணவி எழுதிய மூன்று வரிகளில் பிழையேதும் இல்லை, முகவரிதான் மாறிவிட்டது. அத்தாளைப் பயிற்றுநரிடம் கொடுத்திருக்கக் கூடாது. ஆலை ஆய்வாளருக்கும் ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். விண்ணப்பமும் கடிதமும் எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் நாம். வரும் கல்வியாண்டில் அந்த வெள்ளைத்தாள் வரும்போது, அதை யாருக்கு எழுதுவது என்பதையும் சேர்த்துக் கற்பிப்போம்.