புண்ணியமா, கூலியில்லா வேலையா?

நம் நாட்டில் ஒரு வேலைக்குக் கூலி கொடுக்க மனமில்லையென்றால் அதற்கு இரண்டு உபாயங்கள் வெகு காலமாகக் கையாளப்பட்டு வருகின்றன. ஒன்று, அந்த வேலையை இழிவு என்று சொல்லி ஒரு ஜாதியார் தலையில் கட்டிவிடுவது. மற்றொன்று, அதைப் புண்ணியம் என்று சொல்லிப் பெண்கள் தலையில் கட்டிவிடுவது. முதலாவதைப்பற்றி நாம் ஓயாமல் பேசியும் எழுதியும் வந்திருக்கிறோம். இரண்டாவதைப்பற்றி நாம் பேசியது போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே இவ்வாரம் அதைப்பற்றியே சில வார்த்தைகள் எழுதுகிறோம்.

இரும்புலியூரை எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாய் இருந்த ஊர், இன்று தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. ஜி.எஸ்.டி. ரோட்டில் இராப்பகலாய் வண்டிகள் ஓடுகின்றன. மதுரவாயல் போகும் பைபாஸ் ரோடு இங்கிருந்துதான் பிரிகிறது. விடிந்தால் ஆணும் பெண்ணும் ரயிலேறியும் பஸ் ஏறியும் பிழைப்புக்குப் போகிறார்கள். ஆனால் உள் தெருக்களில் கதவு சாத்திய வீடுகள் சில உண்டு. அவற்றுள் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மெப்ஸில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மருமகள் வேலையை விட்டுவிட்டாள். யார் விடச் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மகன் விடுவானா, மருமகள் விடுவாளா என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

அவள் அங்கே என்ன செய்கிறாள்? படுத்த படுக்கையாய் இருப்பவருக்குப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இரவிலும்கூட. குழாய் வழியே ஆகாரம் கொடுக்கவேண்டும். மலஜலம் எடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கவேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுச் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். இதே வேலையை ஆஸ்பத்திரியில் செய்தால் அதற்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு, முறைமாற்றும் உண்டு. வீட்டில் செய்தால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. ஒரு கலியாணத்துக்குப் போய்வரவும், தனக்குக் காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளவும் அவளுக்கு நாதியில்லை.

இது நமது கற்பனையன்று. இந்திய அரசாங்கமே 2024-இல் எடுத்த நேரக் கணக்கெடுப்பு இருக்கிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் கவனிப்பதில் பெண்கள் 137 நிமிஷம். ஆண்கள் 75 நிமிஷம். இது சராசரிக் கணக்கு. படுத்த படுக்கையான நோயாளி இருக்கும் வீட்டில் நிமிஷக் கணக்கு ஏது? இருபத்துநான்கு மணி நேரமும் அதே கணக்குத்தான்.

இதற்கு வைதிகர்கள் வைத்திருக்கும் பதில் நமக்குத் தெரியும். நளாயினி கதையைச் சொல்லுவார்கள். குஷ்டரோகியான புருஷன், அவன் விரல் அழுகி விழுந்த சோற்றையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாளாம். அவன் தாசி வீட்டுக்குப் போக ஆசைப்பட, கூடையில் வைத்துத் தலையில் சுமந்துபோனாளாம். அதனால் சூரியனையே உதிக்கவிடாமல் நிறுத்தும் சக்தி அவளுக்கு வந்ததாம். சரி, சூரியனை நிறுத்தும் சக்தி பெற்றவளுக்கு, புருஷன் புண்ணை ஆற்றும் சக்தி ஏன் முதலிலேயே வரவில்லை? கூடையை இறக்கி வைத்துக் கொஞ்சம் இளைப்பாறும் உரிமையாவது ஏன் வரவில்லை? கதை எழுதியவனுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. பெண் கூடையை இறக்கக்கூடாது என்பதுதான் கதையின் நோக்கமேயொழிய, நோயாளி பிழைக்கவேண்டும் என்பதல்ல. இதே கதையில் நளாயினி ரோகியாகி, புருஷன் அவளைக் கூடையில் சுமந்ததாக ஒரு புராணம் உண்டா? நமக்குத் தெரிந்தவரையில் இல்லை.

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்கவேண்டும். ஊர் மலத்தை அள்ளியவனைத் தீண்டத்தகாதவன் என்றது இந்தச் சமூகம். வீட்டு மலத்தை அள்ளுபவளை உத்தமி என்கிறது. ஒருவனுக்கு இழிவுப் பட்டம், ஒருத்திக்கு உயர்வுப் பட்டம். ஆனால் இருவருக்கும் உரிய கூலி மட்டும் இல்லை. பட்டம் எதுவாயிருந்தாலும் அதனால் லாபமடைபவன் கை நனையாமல் நிற்பவன்தான். ஆதலால் "உத்தமி" என்று யாராவது புகழ்ந்தால், புகழுக்குப் பின்னால் எந்தச் செலவு மிச்சப்படுகிறது என்று பார்க்கும்படி நம் தாய்மார்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்றவேண்டும், தவறினால் மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் கொடுக்கவேண்டும் என்று அது சொல்லுகிறது. நல்ல சட்டந்தான். ஆனால் மகன் பணத்தைக் கட்டிவிட்டால் சட்டத்தின் வாய் அடைபட்டுவிடும். பாட்டியை இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பது யார் என்பதைப்பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. மிகுந்த உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை அளிக்க அரசாங்கம் திட்டம் வகுக்கவேண்டும் என்று அதன் 24-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் அதே பிரிவு "தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அரசாங்கங்கள் எந்தக் கதவைக் கண்டுபிடிக்காவிட்டாலும் இந்தக் கதவைக் கண்டுபிடித்துவிடும்.

தமிழ்நாட்டில் நடந்திருக்கும் நல்லதை மறைக்க நாம் வரவில்லை. 2021 ஆகஸ்டில் துவக்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்", இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவந்தது. படுக்கையில் கிடப்பவர்களிடம் செவிலியரையும் உடற்பயிற்சி மருத்துவரையும் அனுப்பியது. 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஏற்பட்டபோது, வீட்டில் பெண் செய்யும் வேலையும் வேலைதான் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அதே 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், புருஷன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் செவிலியர் நோயாளிக்காக வருகிறார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளுகிறவளுக்காக யார் வருகிறார்கள்? அவள் முதுகு வலிக்கிறதா, தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று கேட்க எந்த இலாகா இருக்கிறது?

இங்கேதான் ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு வருகிறது. குப்பையும் தெருவிளக்கும் சாக்கடையும்தான் மாநகராட்சியின் வேலை என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1992-இல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தோடு சேர்ந்த 12-வது அட்டவணையைப் பார்த்தால், நகர ஸ்தாபனங்களுக்கு ஒப்படைக்கத்தக்க காரியங்களில் பொதுச் சுகாதாரமும், உடல் ஊனமுற்றோர் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பதும் இருக்கின்றன. தாம்பரம் மாநகராட்சி 2021-இல் ஏற்பட்டது. ஐந்து நகரசபைகளையும் பல பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகள் ஆக்கினார்கள். ஊர் பெரிதானால் வரியும் பெரிதாகிறது. கடமை மட்டும் பழைய அளவிலேயே நிற்கலாமா?

வெளியூர்களைப் பார்ப்போம். பக்கத்திலுள்ள கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் துவங்கிய வலி நிவாரண வேலை நாளடைவில் ஊர் மக்கள் வேலையாயிற்று. 2008-இல் அம்மாகாண அரசாங்கம் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்து, பஞ்சாயத்துக்களையும் நகரசபைகளையும் பொறுப்பேற்கச் செய்தது. உள்ளூர் ஸ்தாபனம் பணம் ஒதுக்குகிறது. செவிலியர் வீடு வீடாய்ப் போகிறார். ஊர்த் தொண்டர்கள் கூடப் போகிறார்கள். படுக்கை நோயாளியை முழு நேரமும் பார்த்துக்கொள்ளுபவருக்கென்று "ஆஸ்வாசகிரணம்" என்ற பெயரில் மாதம் 600 ரூபாயும் ஏற்படுத்தினார்கள். 600 ரூபாய் போதாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் அந்தப் பணம் நோயாளிக்கல்ல, பார்த்துக்கொள்ளுபவருக்கு என்று எழுதினார்களே, அதுதான் பெரிது.

இங்கிலாந்தின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே 1976-இல் இத்தகையோருக்கு ஓர் உதவித்தொகை ஏற்பட்டது. ஆனால் மணமான பெண்களுக்கு மட்டும் அது கிடையாது என்றார்கள். காரணம்? அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். வெள்ளைக்காரன் நாட்டிலும் நளாயினி புராணம் வேறு பாஷையில் இருந்தது போலும்! தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மணமான பெண் ஒருவர் வழக்காடினார். ஐரோப்பிய நீதிமன்றம் 1986-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே அந்தக் கேடு ஒழிந்தது. பிறகு 1995-லும் 2014-லும் வந்த சட்டங்களின்படி, வீட்டில் பார்த்துக்கொள்ளுபவரின் தேவை என்ன என்று விசாரித்து மதிப்பிடுவது உள்ளூர் கவுன்சிலின் கடமையாயிற்று. ஜப்பானில் 2000 முதல் முதியோர் பராமரிப்புக்கென்று ஒரு காப்பீடு நடக்கிறது. அதை நடத்துவதும் உள்ளூர் நகரசபைகள்தான்.

எனவே தாம்பரம் மாநகராட்சியை நாம் கேட்பது ஆகாயத்துப் பூவையல்ல. முதலாவது, வார்டுதோறும் கணக்கெடுக்கவேண்டும். எத்தனை வீட்டில் படுக்கை நோயாளி, ஞாபக மறதி நோய்க்காரர், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்பது யார் என்று எழுதவேண்டும். வீட்டு வரிக்குச் சுவரை அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா? இரண்டாவது, மண்டலத்துக்கு ஒரு பகல் இல்லம் வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது நோயாளியை அங்கே விட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளுபவர் வெளியே போய்வரவேண்டும். மூன்றாவது, தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி, மலங்கழிக்கும் நாற்காலி முதலியவற்றை வாங்கிவைத்து, வேண்டியவர்களுக்கு இரவல் கொடுக்கவேண்டும். இறந்தவர் வீட்டு மூலையில் துருப்பிடிக்கும் நாற்காலி இருப்பவர் வீட்டுக்கு உதவும். நான்காவது, புண் வராமல் புரட்டுவதையும் முதுகு ஒடியாமல் தூக்குவதையும் நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டும். ஐந்தாவது, பராமரிப்பாளர் தொகையை, உண்மையாய் அந்த வேலையைச் செய்பவர் பெயரிலேயே கொடுக்கும்படி மாகாண அரசாங்கத்துக்கு மாநகராட்சி தீர்மானம் அனுப்பவேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இரண்டு தெருவுக்கு ஒரு கோவில் கட்டவும், கும்பாபிஷேகத்துக்கு ரசீதுப் புத்தகம் அடிக்கவும் இந்த ஊரில் பணம் இல்லாமற் போனதுண்டா? கல்லுக்கு வேளைக்கு வேளை அபிஷேகம் செய்ய ஆள் சம்பளத்துக்கு உண்டு. உயிருள்ள மனிதரைக் குளிப்பாட்டத்தான் ஆள் இல்லை.

பணம் கொடுத்தால் பாசம் போய்விடும் என்பார்கள். சம்பளம் வாங்குவதால் உபாத்தியாயருக்குப் பிள்ளைகள்மீது அன்பு போய்விட்டதா? இரவெல்லாம் விழித்துச் சலித்தவளிடம்தான் அன்பு வற்றும். ஓய்வு கிடைத்தவளிடம் அது நிற்கும்.

வேறொரு ஆட்சேபணை நியாயமானது. தொகை கொடுத்தால், "அதுதான் உனக்குப் பணம் வருகிறதே" என்று சொல்லிப் பெண்ணை இன்னும் இறுக வீட்டில் கட்டிவிடமாட்டார்களா என்பது. கட்டத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் தொகையை மட்டும் கேட்காமல் பகல் இல்லத்தையும் ஓய்வையும் பயிற்சியையும் சேர்த்துக் கேட்கிறோம். அவள் விரும்பினால் திரும்ப வேலைக்குப் போக வழியிருக்கவேண்டும். அந்த வேலையை ஆண் எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை ஆணுக்கே போகட்டும்.

நோய் வீட்டுத் தலைவிதி, ஊருக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் தாம்பரம் சானடோரியத்தை ஒருமுறை பார்த்து வரட்டும். க்ஷயரோகத்தைக் கர்மம் என்று சொல்லி வீட்டு இருட்டறையில் ஒளித்த காலம் அது. 1928-இல் டாக்டர் செளரி முத்து அந்த ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். 1937-இல் அரசாங்கமே அதை ஏற்றுக்கொண்டது. ஒரு குடும்பத்தின் விதியாயிருந்தது அன்று பொதுக் காரியமாயிற்று. இதே ஊரில் அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

கடைசியாக நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இதே ரயில் பாதையில் செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில், நம் முதல் மாகாண மகாநாடு கூடிற்று. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமையும் தொழிலுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் வர 1989 ஆயிற்று. தொழிலுரிமை தாளில் வந்துவிட்டது. ஆனால் தொழிலுக்குப் போனவளைப் படுக்கையோரத்துக்குத் திருப்பி இழுப்பது எது? பல வீடுகளில் நாம்தான். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, "அம்மாவுக்குத் துணி மாற்றினாயா?" என்று மனைவியைக் கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. பெற்ற தாய்க்குத் துணி மாற்றுவது மகனுக்கு இழிவென்றால், அந்த மகன் இன்னும் சுயமரியாதைக்காரன் ஆகவில்லை என்றுதான் நாம் சொல்லுவோம்.

மாநகராட்சிகளில் பகுதி சபைகள் கூடவேண்டும் என்று விதி இருக்கிறது. 2022 நவம்பர் முதல் தேதி பம்மலில் நடந்த சபைக்கு அன்றைய முதல் மந்திரியே வந்திருந்தார். இரும்புலியூர்த் தோழர்கள் அடுத்த சபைக்குப் போய் மேற்கண்ட ஐந்தையும் கேட்கட்டும். போகும்போது வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளுகிறவரையே பேச அனுப்பட்டும். அந்த இரண்டு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் தாங்கள் உட்காரட்டும். பிரசாரத்தை அங்கிருந்து துவக்குவதே ஒழுங்கு.