எழுத்தைக் கைவிட்டவர்கள் யார்?

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர், 2010களில் பதின்பருவத்தைக் கடந்தவர்களே இந்திய மொழிகளின் எழுத்தைச் சீரழித்த முதல் தலைமுறை என்றார். அவையில் பலர் தலையசைத்தனர். நான் அத்தலைமுறையைச் சேர்ந்தவன். அக்காலக் குறுஞ்செய்திகளே என் ஆய்வுத் தரவு. இக்கூற்றை மறுக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். உரோமன் எழுத்தில் அதனுள் 160 குறிகள் அடங்கும். தமிழோ இந்தியோ வங்காளமோ யூனிகோடில் எழுதினால் 70 மட்டுமே. அந்த எழுபதிலும் புள்ளிக்குத் தனி இடம், துணைக்குறிக்குத் தனி இடம். ‘வணக்கம்’ ஐந்தெழுத்துச் சொல். பிடிப்பதோ ஏழு இடம், ஒரு செய்தியில் பத்தில் ஒரு பங்கு. உரோமனில் அதே சொல் இருபதில் ஒரு பங்கு. 2011 செப்டம்பரில் டிராய் நாளொன்றுக்கு 100 செய்திகள் என வரம்பிட்டு, நவம்பரில் 200 ஆக்கியது. விளம்பரத் தொல்லைக்கு எதிரான ஆணைதான். சிக்கியவர்களில் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் இருந்தோம். தீபாவளியன்றோ சலுகைத் திட்டமும் செல்லாது.

செம்பூரில் வளர்ந்த நான் வகுப்புத் தோழர்களுக்கு இந்தியையும், திருநெல்வேலியிலிருந்த அத்தை மகனுக்குத் தமிழையும் உரோமனில் எழுதினேன். ஒருமுறை சித்தப்பாவின் கைபேசியிலிருந்து தமிழ் எழுத்திலேயே பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். “என்னல அனுப்பிருக்க, கட்டம் கட்டமா வருது” என்று பதில் வந்தது, உரோமனில். இந்திய மொழிகளுக்கென இடம் மிச்சப்படுத்தும் குறியீட்டு அட்டவணைகள் பன்னாட்டுத் தரநிலையில் பின்னர் சேர்க்கப்பட்டன என்பதை முதுகலையில்தான் அறிந்தேன். எங்கள் கைபேசிகளில் அவை இயங்கி நான் கண்டதில்லை. எழுத்தைக் கைவிட்டவர்களைத் தேடுவோர் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்க்கலாம்.

ல, ள வேறுபாடு அங்கே கரைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளியில் ‘வருகிறேன்’ என்றெழுதாவிட்டால் மதிப்பெண் பறிபோன அதே பிள்ளைகள், மாலையில் ‘வாரேன்’, ‘வர்றேன்’, ‘வரேன்’ என அவரவர் வழக்கை அவரவரே எழுதினர். யாரும் திருத்தவில்லை. இரட்டைவழக்கு என்றதும் ஃபெர்குசனின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறோம். அவர் வரைந்த எல்லையைக் கோடிக்கணக்கான செய்திகளில் பிள்ளைகள் அன்றாடம் தாண்டியபோது மட்டும் நமக்கு அது மொழியாகத் தெரியவில்லை. களத்தில் மூதாட்டி ஒருவர் ‘வாரேன்’ என்றால் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுகிறோம். பதினைந்து வயதுப் பெண் தட்டச்சு செய்தால் சீரழிவு என்கிறோம்.

என் ஆய்வுக்குழு இச்செய்திகளைத் தரவு இயலிலிருந்து நீக்கிப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்கிறது. “இது தமிழே அன்று” என்பது காரணம். நான் நீக்கப்போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அவை மூன்றாம் இயலிலேயே வரும்.

தரவு அழிந்துகொண்டிருக்கிறது. நினைவகம் நிறைந்ததும் நாமே அழித்தது பாதி, மின்கலம் உப்பிக் குப்பைக்குப் போனது மீதி. பொத்தான் கைபேசியை இன்னும் இழுப்பறையில் வைத்திருப்போர் எனக்கு எழுதுங்கள். பெயரும் எண்ணும் நீக்கிய பின்னரே செய்திகளைப் படியெடுப்பேன்.