கார் சாவி பழுதானால் புதுசுதான் வாங்கணுமா? ‘செக்யூரிட்டி’ என்ற ஒற்றை பதில் போதுமா?

காலை எட்டரை மணி. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்று ரிமோட் பட்டனை அழுத்தினால் கார் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு முறை அழுத்தம். அப்புறம் உள்ளங்கையில் நாலு தட்டு. ம்ஹூம்! முந்தின நாள் மழையில் பேன்ட் பாக்கெட்டோடு சேர்ந்து நனைந்தது சாவியும்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வரும்.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: “முழு சாவியும் மாத்தணும் சார். ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்.” எவ்வளவு ஆகும் என்று கேட்டால் சாதாரண மடக்குச் சாவிக்கே ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் கீ என்றால் ஐந்து இலக்கத்தைத் தொடும் மாடல்களும் உண்டு. ஆனால், பல நேரங்களில் உண்மையில் பழுதாகியிருப்பது ஒரு சின்ன பட்டனோ, ஒரு பேட்டரியோ மட்டும்தான். சின்னப் பழுதுக்கு முழுச் சாவியின் விலையை ஏன் கொடுக்க வேண்டும் என்பதே கேள்வி.

ஒரு சாவிக்குள் மூன்று சாவி

இன்றைய கார் சாவி ஒரே பொருள் மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலாவது, உலோகத் தகடு. இது கதவின் பூட்டைத் திறக்கும். இரண்டாவது, ரிமோட். பட்டனை அழுத்தியதும் ரேடியோ சிக்னல் அனுப்பி கதவை லாக், அன்லாக் செய்யும். இதற்குத்தான் பேட்டரி தேவை. மூன்றாவது, டிரான்ஸ்பாண்டர் எனும் குட்டி சிப். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அனுமதி வாங்கித் தருவது இதுதான்.

சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்பும்போது, அதைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் இருந்து வரும் காந்தப்புலமே அந்த சிப்புக்கு மின்சாரம் தருகிறது. சிப் தன் ரகசியக் குறியீட்டைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் இன்ஜின் ஓடாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர். இந்த வகை சிப்புக்கு பேட்டரியே வேண்டாம். அதனால்தான் ரிமோட் செத்துப்போனாலும் தகடால் கதவைத் திறந்து காரை ஸ்டார்ட் செய்துவிட முடிகிறது.

எது கெட்டால் என்ன செய்யலாம்?

பேட்டரி: ரிமோட் வேலை செய்யும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் வர வேண்டும். பல சாவிகளில் இருப்பது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 3 வோல்ட் சிஆர்2032 வகை பேட்டரி. பழையதில் அச்சிட்டிருக்கும் எண்ணையே பார்த்து வாங்கினால் போதும். கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது முக்கியம். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பட்டன்: ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், மேலே உள்ள ரப்பர் தேய்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் சர்க்யூட் போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் கழன்றிருக்கலாம். செல்போன் சர்வீஸ் கடையில் சால்டரிங் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை.

கூடு: வெளிப்புற பிளாஸ்டிக் உடைந்தால் காலிக் கூடு தனியாகவே கிடைக்கிறது. சென்னை ஜி.பி. ரோடு மாதிரி கார் உதிரிபாகக் கடைத்தெருக்களில் சில நூறு ரூபாய்க்குள் முடியக்கூடிய சமாச்சாரம். ஒரே ஒரு எச்சரிக்கை. சில சாவிகளில் டிரான்ஸ்பாண்டர் சிப், போர்டில் இல்லாமல் கூட்டுக்குள் ஓர் ஓரத்தில் தனியாகப் பொதிந்திருக்கும். அது தெரியாமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் காரின் ‘அனுமதி’யையும் சேர்த்துத் தூக்கிப் போட்டதாகிவிடும். புது சாவியில் கதவு திறக்கும், வண்டி மட்டும் கிளம்பாது.

தண்ணீர்: நனைந்த சாவியின் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. உடனே திறந்து பேட்டரியை எடுத்துவிட வேண்டும். ஈரத்தில் மின்சாரம் ஓடும்போதுதான் போர்டில் அரிப்பு வேகமாகப் பிடிக்கிறது. நன்றாக உலர்ந்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புது பேட்டரி போட்டுப் பார்க்கலாம். அரிசி டப்பாவில் புதைப்பது அரிப்பைத் தடுக்காது.

ஸ்மார்ட் கீ: பேட்டரி தீர்ந்தால் பதற்றம் வேண்டாம். பெரும்பாலானவற்றில் உள்ளேயே ஒரு தகடுச் சாவி ஒளிந்திருக்கும். அதில் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டனுக்கு ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் செய்யும் வசதி பல கார்களில் உண்டு. காரோடு வந்த கையேட்டில் இது இருக்கும். என்ன, நடுரோட்டில் நிற்கும்போதுதான் பலரும் அதைத் தேடுகிறார்கள்.

சிப்பே கெட்டாலோ, சாவி தொலைந்தாலோ மட்டும்தான் கதை வேறு. அப்போது புது சாவியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சாவி வாங்குவதும் கைகொடுக்காமல் போகலாம். ஒரு காருக்குப் பதிந்த ஸ்மார்ட் கீ, பல மாடல்களில் இன்னொரு காருக்கு நேரடியாகப் பதியாது.

செக்யூரிட்டி வெறும் சாக்கா?

இல்லை. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களை யுஎஸ்பி கேபிள் முனையை வைத்தே ஸ்டார்ட் செய்யும் வீடியோக்கள் 2022இல் டிக்டாக்கில் பரவின. திருட்டுகள் எகிறின. கடைசியில் அந்த நிறுவனங்கள் 2023இல் சுமார் 20 கோடி டாலர் மதிப்பில் சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது. ஒரு குட்டி சிப் இல்லாததன் விலை அது. யார் வேண்டுமானாலும் சாவி பதியலாம் என்ற நிலை வந்தால், திருடனுக்கும் அதே வசதி கிடைத்துவிடும்.

ஆனால், இந்த வாதம் பொருந்துவது சிப்புக்கும் பதிவுக்கும் மட்டும்தான். ரப்பர் பட்டனுக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் என்ன பாதுகாப்பு ரகசியம் இருக்கிறது? அவற்றைத் தனி உதிரிபாகமாக விற்காமல் முழுச் சாவியாகவே வாங்க வைத்தால், அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, வியாபாரம்.

இது இந்தியாவுக்குப் புதிய சண்டையும் இல்லை. உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு அதன்பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. அது பேசும் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால், தகவல் தரும் இணையதளம் ஒன்று இருப்பதாலேயே சாவி பட்டன் கடைக்கு வந்துவிடாது.

நடுவழி இருக்கிறது

பாதுகாப்பா, பழுதுபார்க்கும் உரிமையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ‘நாஸ்ட்ஃப்’ என்ற அமைப்பு, பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டு நிபுணர்களைப் பதிவு செய்கிறது. அவர்கள் கார் நிறுவனங்களிடமிருந்து சாவிக் குறியீடுகளை முறைப்படி வாங்கிக்கொள்ளலாம். யார், எந்தக் காருக்கு வாங்கினார்கள் என்பதற்குத் தடம் இருக்கும்.

இங்கேயும் அது முடியும். தெருமுனையில் குடை விரித்து டூப்ளிகேட் சாவி போடும் தொழிலாளியின் மகன், இன்று லேப்டாப்பும் கருவியும் வைத்துக்கொண்டு சிப் சாவி பதிகிறார். அவருக்கு உரிமமோ அங்கீகாரமோ கிடையாது. அவரை நம்பலாமா என்று வாடிக்கையாளருக்கும் தெரியாது. அவரைப் பயிற்சி கொடுத்து, பதிவு செய்து முறைக்குள் கொண்டுவந்தால் பாதுகாப்பு கூடத்தான் செய்யும். கூடவே, பட்டன், கூடு, போர்டு ஆகியவற்றைத் தனித்தனியாக விற்க வேண்டும். சாவி மாற்ற என்ன செலவாகும் என்பதை கார் வாங்கும்போதே விலைப்பட்டியலில் சொல்ல வேண்டும். இவை ரெண்டும் அதிகப்படியான கோரிக்கைகள் இல்லை.

அதுவரை கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியை இன்றே எடுத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது இன்னொன்று பதிவது சுலபம். ரெண்டும் போய்விட்டால் செலவும் அலைச்சலும் பல மடங்கு. கார் திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம் என்பதால், ஒன்று தொலைந்ததுமே போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது. பாலிசி புதுப்பிக்கும்போது ‘கீ ரீப்ளேஸ்மென்ட்’ கவர் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுவிடலாம்.

“முழுசா மாத்தணும் சார்” என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், “இதுல எது கெட்டிருக்கு, எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.