விவாகரத்துக்குப் பின் ஓர் உயில்

புனேயின் வாகட், ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவை ஒட்டி வளர்ந்த அடுக்குமாடிப் பகுதி. இருவர் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கி, இருவர் பெயரிலும் பதிந்த ஃபிளாட்டுகள் இங்கே ஏராளம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ்த் தாத்தா பாட்டிகளும் உண்டு. அப்படியொரு வீட்டில் மணவாழ்க்கை முறியும்போது ஜீவனாம்சம் எவ்வளவு, பிள்ளை யாரிடம், விடுமுறையில் யார் அழைத்துப்போவது என எல்லாம் எழுதி, குடும்ப நீதிமன்றத்தின் முத்திரையும் வாங்குகிறார்கள். பிள்ளைக்கு 18 வயதாகும் முன் பெற்றோரில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய சொத்தை யார் கையாள்வது என்பதை அந்தத் தாள்களில் காண்பது அரிது. விவாகரத்தான தாயும் தந்தையும், வயது முப்பதானாலும், உடனே உயில் எழுதியாக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, விவாகரத்தான மனைவியோ கணவரோ வாரிசு ஆகமாட்டார். இதோடு பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் சொத்து பிள்ளைக்குப் போகிறது, பிள்ளை மைனர், மைனரின் இயல்பான காப்பாளர் உயிரோடிருக்கும் மற்றப் பெற்றோர். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ காப்பாளர் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். வங்கி வைப்புக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் அந்த வேலி கிடையாது. சொல்லவே கசப்பான இன்னொன்று: சொத்தைப் பெற்ற பிள்ளை சிறு வயதிலேயே இறந்துவிட்டால், அது அந்த முன்னாள் துணைக்கே போய்ச்சேரக்கூடும், அப்போது அவர் பிள்ளையின் தாய் அல்லது தந்தை என்ற முறையில் வாரிசு.

பெண்களின் நிலை இன்னும் மோசம். மகன் இறந்தால் பேரப்பிள்ளையோடு அவனுடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. மகள் இறந்தால், அவளுக்குப் பிள்ளை இருக்கும்வரை, அவளுடைய தாய் தந்தையருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மகளின் மணம் முறிந்தபின் அவளோடு இருந்து பேரனை வளர்த்த பாட்டி, மகள் போன மறுநாள் அந்த வீட்டில் உரிமையற்றவர் ஆகிறார். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், தாமதிக்காமல் உயில் எழுத வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது. பெற்றோருக்கு ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை என்று உயிலில் ஒரு வரி இருந்தால் போதும்.

‘நாமினி போட்டாயிற்றே’ என்பார்கள். அது போதாது. ‘காலநிர்ணய்’ நாட்காட்டியைத் தொடங்கிய ஜயந்த் சால்காவ்கர் 2013இல் இறந்தார். அவருடைய குடும்ப வழக்கில், பங்குகளின் நாமினி அவற்றின் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில். உயில் எழுதிவைத்தவரின் குடும்பத்துக்கே இந்தத் தீர்ப்பு வரப் பத்தாண்டு. மகாராஷ்டிரத்தின் வீட்டுவசதி சொசைட்டியிலும் நாமினி தற்காலிக உறுப்பினர்தான். ஆயுள் காப்பீட்டிலோ 2015ஆம் ஆண்டுத் திருத்தம் நாமினியான கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோருக்குத் தொகையின் பலனையே தருகிறது. பழைய பாலிசியில் மாற்றாமல் விட்ட பெயர் ஒரு வழக்குக்கு விதை. பழைய உயிலுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் விவாகரத்து ஆனதும் முன்னாள் துணைக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகிறது. நம் சட்டத்தில் அப்படி இல்லை. எழுதியவரே ரத்து செய்யாதவரை, மணவாழ்க்கையின்போது எழுதிய உயில் அப்படியே நிற்கும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மனைவியாகவோ கணவராகவோ ஒத்துவராதவர், நல்ல தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாமே. அவரை நம்பாமல் எழுதுவது பிள்ளையின் மனத்தையும் புண்படுத்தாதா? முழுக்க ஏற்கத்தக்க கேள்வி. பிள்ளையை அவரிடமிருந்து பிரிக்க உயிலால் முடியவும் முடியாது. மற்றப் பெற்றோர் காப்பாளராக இருக்கும்போது, உயிலில் வேறொருவரைக் காப்பாளராக எழுதினாலும் பொதுவாகச் செல்லாது. ஆனால் பிள்ளையை வளர்ப்பவரே பணத்தையும் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொத்தை நேரடியாகப் பிள்ளை பெயருக்கு எழுதாமல், உயில் வழியாகவே ஓர் அறக்கட்டளை அமைத்து இரண்டு பொறுப்பாளர்களிடம் விடலாம். பள்ளிக் கட்டணம், மருத்துவம், வீட்டுச் செலவு ஆகியவற்றை அவர்கள் வளர்ப்பவருக்குக் கொடுத்துக் கணக்கு வைப்பார்கள். மீதியை 18 வயதில் மொத்தமாகத் தராமல் 25 வயதில் தரும்படியும் எழுதலாம். நேர்மையான முன்னாள் துணைக்கு இது பாதுகாப்பு: ‘பிள்ளைப் பணத்தைத் தின்றான்’ என்று எந்த உறவினரும் பேச வழியில்லை.

பொறுப்பாளர்களே ஏமாற்றினால்? அந்த அச்சம் பொய்யல்ல. அதனால்தான் ஒருவருக்கு இருவர். பிள்ளையின் சார்பில் நீதிமன்றத்தில் கணக்குக் கேட்கவும் இயலும். சாவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்பவர்கள், வீட்டுக்கடனோடு டேர்ம் பாலிசி எடுத்தபோது அப்படி நினைக்கவில்லை.

செய்முறை எளிது. சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் உயில் செல்லும். பங்கு பெறாதவர்களே சாட்சியாக இருப்பது நல்லது. முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவது நல்லது. கூட்டாக வாங்கிய ஃபிளாட்டில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முழு வீடும் உங்களுக்கு என்று பேசி முடித்திருந்தால், விடுதலைப் பத்திரம் பதிந்து, பத்திரப் பதிவின் சுருக்கமான ‘இண்டெக்ஸ் டூ’வில் பெயர் மாறியதா என்று முதலில் பாருங்கள். ஊரிலுள்ள சொத்தையும் அதே உயிலில் சேர்க்கலாம். முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்கு வரையே உயில் எழுத முடியும் என்பதால் தனி ஆலோசனை பெற வேண்டும். விவாகரத்து வழக்கை நடத்தும் வழக்கறிஞர்களே, தீர்ப்பு நகலைக் கையில் கொடுக்கும் அன்றே கட்சிக்காரரிடம் உயிலைப் பற்றியும் பேசுங்கள்.