'இந்தியன்' என்னும் இரத்த வகை

இரத்தம் ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகைப்படும் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இன்று அறிவார்கள். ஆனால் கணக்கு அந்த நான்குடன் முடிந்துவிடவில்லை. இரத்த வகை முறைகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை உண்டென்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுக்கு 'இந்தியன்' என்றே பெயர். நம் தேசத்தின் பெயரைத் தாங்கிய இவ்வகையை நேயர்கள் அறிந்துகொள்வது நலம். ஓர் உயிரைக் காக்க அது உதவக்கூடும்.

1973-ஆம் வருஷத்தில் பதாகரே, ஜோஷி, பாட்டியா முதலிய அறிஞர்கள் இதை வெளியிட்டார்கள். பம்பாயில் பரிசோதித்த இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 3, 4 பேருடைய சிவப்பணுக்களில் ஒரு புதிய அடையாளம் தென்பட்டது. அதற்கு 'இன்-ஏ' என்று பெயரிட்டார்கள். 1975-இல் அதன் ஜோடியான 'இன்-பி' தெரியவந்தது. இது அநேகமாக எல்லோருடைய இரத்தத்திலும் இருப்பது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் 'இன்-ஏ'யையே பெற்றவருக்கு மட்டும் 'இன்-பி' இராது. அத்தகையோர் பல்லாயிரத்தில் ஒருவரே.

இவ்வடையாளம் எதன்மேல் அமைந்திருக்கிறது? கல்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதையில் நடந்தவர் வேட்டியில் நாயுருவி விதை பற்றிக்கொண்டு வருமல்லவா? அவ்வாறே உடலின் அணுக்களும் ஒன்றையொன்றும், தம்மைச் சூழ்ந்த பொருளையும் பற்றிக்கொள்ளச் சில கொக்கிகள் வைத்திருக்கின்றன. அவற்றுள் 'சி.டி. 44' என்னும் புரதம் ஒன்று. தோலிலும் மூட்டுகளிலும் மிகுந்துள்ள ஹயலூரானிக் அமிலம் என்ற வழவழப்பான பொருளை அது பிடித்துக்கொள்ளும். காயம் பட்ட இடத்தை நோக்கி விரையும் வெள்ளையணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றுவதற்கு அது துணை செய்கிறது. புற்றுநோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. சிவப்பணு, வெள்ளையணு, தோல் என்று பல இடங்களில் காணும் இப்புரதமே 'இந்தியன்' அடையாளத்தைத் தாங்குவது.

இரு அடையாளங்களுக்கும் உள்ள வேற்றுமை மிக அற்பமானது. புரதச் சங்கிலியின் 46-ஆவது கண்ணியில் 'இன்-பி'க்கு ஆர்ஜினின், 'இன்-ஏ'க்கு ப்ரோலின். அவ்வளவே! கொக்கியின் பிடி இதனால் தளர்வதில்லை. 'இன்-ஏ' உடையவருக்கு அதனால் நோயும் இல்லை.

ஆனால் 'இன்-பி' இல்லாதவருக்கு, அது உள்ள இரத்தத்தைச் செலுத்தினாலோ, கருவுற்ற காலத்தில் குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்தாலோ, அதை எதிர்க்கும் பொருள் உண்டாகலாம். பின்னர் அவருக்கு இரத்தம் தேவைப்படும்போது, ஏ, பி, ஓ பொருத்தம் சரியாக இருந்தும், பாட்டிலுக்குப் பாட்டில் பரிசோதனையில் ஒவ்வாது. வலிந்து ஏற்றினால் ஏற்றிய அணுக்கள் சிதைந்து ஆபத்து விளையும்.

கள்ளக்குறிச்சி ஜில்லாவைப்போன்ற இடங்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2022-ஆம் வருஷம் ஜனவரியில் அங்கே சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமமொன்றில் பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய், மலைப்பாதையில் இறங்கிவர வேண்டும். அபூர்வ வகை இரத்தத்தை அந்த நேரத்தில் தேடத் தொடங்கினால் காலம் காத்திராது.

நம்மவரிடையே, மலையிலும் சமவெளியிலும், அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உண்டு. ஒரே மூதாதையிடமிருந்து வந்த அபூர்வக் கூறு இரு பக்கமும் சேருவதற்கு அது இடம் கொடுக்கிறது. ஆனால் அதே உறவில் பரிகாரமும் இருக்கிறது. பெற்றோர் இருவரும் அக்கூறில் ஒரு பங்கை மட்டும் தாங்கியிருந்தால், நோயாளியின் உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு அதே வகையாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே முதலில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கையரையே பரிசோதிக்க வேண்டும். இரத்தம் ஒவ்வாது என்று ஒரு முறை மருத்துவர் சொன்னால், அந்தச் சீட்டைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, அடுத்த முறை முன்னதாகவே காட்டுவது குடும்பத்தாரின் கடமை.

அபூர்வ இரத்தம் உடையோரின் ஜாபிதாவை பம்பாயிலுள்ள தேசிய ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. அதில் மலைநாட்டாரின் பெயர்களும் ஏற வேண்டுமானால், இரத்ததான முகாம்கள் மலையேற வேண்டும். எடுத்த இரத்தத்தை விரிவாகப் பரிசோதிக்கவும் வேண்டும். ஒரு வகைக்கு நம் தேசத்தின் பெயரைச் சூட்டியதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. அவ்வகையில் பிறந்தவர் எந்த மலையுச்சியில் இருந்தாலும், தக்க சமயத்தில் அவருக்கு இரத்தம் கிடைக்கச் செய்வதே அப்பெயருக்கு நாம் தேடித்தரும் பெருமை.